விழுந்தவரை உடனே தூக்காதீர்கள்: வீட்டிலும் தெருவிலும் எலும்பு முறிவுக்கு முதலுதவி

ஐப்பசி மழையில் பாசி பிடித்த மொட்டை மாடி, சோப்புத் தண்ணீர் காயாத குளியலறை, நிற்பதற்குள் இறங்கப் பார்த்த பஸ் படிக்கட்டு, ஈர இரும்புத் தகட்டின் மேல் பிரேக் போட்ட டூ வீலர். சென்னையில் விழுவதற்கு இடம் தேட வேண்டியதில்லை. விழுந்த பிறகு நடப்பதும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். நாலு பேர் ஓடிவருவார்கள். இருவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள். ஒருவர் "காலை நல்லா உதறுங்க, சரியாயிடும்" என்பார். இன்னொருவர் சோடா உடைத்துக்கொண்டு வருவார்.

மனசு நல்லதுதான், ஆனால் கை அவசரப்படுகிறது. முறிந்த எலும்பின் முனை உடைந்த ஓடு மாதிரி கூராக இருக்கும். அதை ஒட்டியே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அசைக்காமல் வைத்திருந்தால் மாவுக்கட்டோடு போயிருக்கும் முறிவு, தூக்குகிற வேகத்தில் தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் ஆபரேஷன், கிருமித் தொற்று, மாதக்கணக்கில் படுக்கை என்று நீளும்.

முதல் நிமிடம்

ஓடிப்போய் ஆளைத் தொடுவதற்கு முன் சுற்றுமுற்றும் பாருங்கள். ஏணியில் நின்று பல்பு மாற்றியவர், மாடியில் கம்பிக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர் விழுந்திருந்தால், முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். தெருக் கம்பி என்றால் கிட்டேயே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். ரோட்டில் என்றால் வருகிற வண்டிகளை ஒருவர் தள்ளி நின்று திருப்பிவிடட்டும்.

அப்புறம் பக்கத்தில் மண்டியிட்டு, தோளில் கை வைத்து, "அப்படியே இருங்க, எழுந்திருக்காதீங்க" என்று சொல்லுங்கள். பெயர் கேளுங்கள். எங்கே வலிக்கிறது, கைகால் நாலும் உணர்ச்சியோடு இருக்கிறதா என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொன்னால் மூச்சும் நினைவும் இப்போதைக்கு நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கூப்பிட்டும் தட்டியும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் எலும்பை மறந்துவிடுங்கள். 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி அழுத்தத் தொடங்குங்கள்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். 'நின்னுடுச்சா' என்று நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுக்கும்போது அப்போதுதான் உறைந்த ரத்தம் பிய்ந்துகொண்டு வரும். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு துணி வையுங்கள். எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதன் மேல் அழுத்தாமல், சுற்றியுள்ள சதையை அழுத்துங்கள். எலும்பை உள்ளே தள்ளக் கூடாது. கழுவவும் கூடாது. சுத்தமான துணியால் மூடிவைத்தால் போதும். மஞ்சள்தூளும் காப்பித்தூளும் ரத்தத்தை நிறுத்தாது. டாக்டர் அதைக் கழுவி எடுக்கப் படுகிற பாடுதான் மிச்சம்.

கழுத்து, முதுகு, தலை

ஏறக்குறைய மூன்றடி உயரத்திலிருந்தோ ஐந்து படிக்கு மேலோ விழுந்தவர், வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், தலைகுப்புற விழுந்தவர் ஆகியோருக்குக் கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் நின்ற நிலையிலிருந்து விழுந்தாலும், கழுத்து வலித்தால் அதே சந்தேகம் வேண்டும். கைகால் மரத்துப்போகிறது, ஊசி குத்துவது போலிருக்கிறது, அசைக்க முடியவில்லை, தெரியாமல் சிறுநீர் போய்விட்டது என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இவர்களை இடம் மாற்றாதீர்கள். தலைமாட்டில் முழங்கையைத் தரையில் ஊன்றி, காதுகளின் இருபுறமும் கை வைத்து, தலை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் அசையாமல் பிடியுங்கள். பார்க்க எளிதாக இருக்கும். பத்து நிமிடத்தில் கை கடுத்துவிடும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். மூச்சு நன்றாக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், முகக் கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போகாமல் இருக்கப் புரட்டித்தான் ஆக வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, மற்ற மூவர் தோள், இடுப்பு, கால் என்று பிடித்து, தலையைப் பிடித்தவர் எண்ணும்போது உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து பேசுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மண்டைக்குள் கசிகிற ரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஒரு தடவைக்கு மேல் வாந்தி, தூங்கி வழிவது, சொன்னதையே திரும்பச் சொல்வது, வலிப்பு, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தெளிந்த நீர் வருவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், இவை எதுவும் இல்லாவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள், வால்வு மாற்றியவர்கள் வீட்டில் இதை மறந்துவிடுகிறார்கள். தலையில் அடிபட்ட மற்றவர்களை 24 மணி நேரம் தனியே விடாதீர்கள்.

முறிவா, சுளுக்கா?

"விரல் அசையுதே, அப்போ உடையலை" என்பது ஊர் முழுக்கப் பரவியிருக்கிற நம்பிக்கை. தவறு. விரலை இழுக்கும் தசை மேலே இருக்கிறது. கீழே எலும்பு முறிந்திருந்தாலும் விரல் அசையும். கொஞ்சம் நடக்க முடிகிறது என்பதும் சாட்சி ஆகாது.

எலும்பின் மேல் ஒரே இடத்தில் விரல் வைத்தால் உயிர் போகிற வலி, சீக்கிரமே ஏறும் வீக்கம், வளைந்த அல்லது குட்டையான தோற்றம், விழும்போது 'டக்'கென்று கேட்ட சத்தம், இவைதான் அடையாளங்கள். எலும்பு உரசுகிறதா என்று அசைத்துப் பார்க்கவே கூடாது. கணுக்காலுக்கு டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. விழுந்த உடனேயும் பிறகும் நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இருபக்க மொளிகளில் ஏதாவது ஒன்றின் பின் ஓரத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்வதற்காகப் பாதி மயக்கத்தில் இருப்பவரை நடக்க வைக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் முறிவு என்றே வைத்துக்கொண்டு சிம்பு (முறிந்த இடம் அசையாமல் இருக்க வைத்துக் கட்டும் பத்தை) கட்டுங்கள். சுளுக்குக்குச் சிம்பு கட்டினால் நஷ்டம் ஒன்றுமில்லை. முறிவை உருவிவிட்டால் நஷ்டம் பெரிது.

கைக்குச் சிம்பு

முறிவுக்கு மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு, இரண்டும் அசையாமல் இருக்க வேண்டும். சிம்பு கட்டுவதன் சூட்சுமம் அவ்வளவுதான். வளைந்திருந்தால் வளைந்தபடியே கட்டுங்கள். நிமிர்த்துவது டாக்டர் வேலை. சென்னையில் எங்கே விழுந்தாலும் எலும்பு டாக்டர் இருக்கும் மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, நடுவழியில் நிமிர்த்த அவசியம் வராது.

கையூன்றி விழுந்து மணிக்கட்டுக்கு மேலே முறிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதுதான் அதிகம் வரும். கை, கவிழ்த்து வைத்த முள்கரண்டி போல வளைந்து தெரியும்.

1. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். வீக்கம் ஏறினால் அரை மணி நேரத்தில் மோதிரம் சதைக்குள் புதைந்துவிடும், அப்புறம் கட்டரால் வெட்ட வேண்டும். விரலில் கொஞ்சம் சோப்பு நுரை தடவினால் வரும். வராவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள். கால் என்றால் மெட்டியும் கொலுசும்.

2. கட்டுவதற்கு முன்பு விரல் நுனி சூடாக இருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா, அசைகிறதா என்று பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். மருதாணி வைத்த நகத்தில் இது தெரியாது. விரல் நுனிச் சதையில் பாருங்கள், மறுகையோடு ஒப்பிடுங்கள்.

3. முழு நாளிதழ்கள் மூன்று நான்கை ஒன்றாக வைத்து, விரல் அடியிலிருந்து முழங்கை வரை நீளம் வரும்படி மடித்து, நடுவில் பள்ளம் விழும்படி வளையுங்கள். கூரை ஓட்டைக் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்தது போல இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியைக் கிழித்தும் செய்யலாம். உள்ளே துண்டை விரித்து மெத்தை ஆக்குங்கள். மணிக்கட்டின் குழிவில் இன்னொரு மடிப்புத் துணி.

4. அடிபட்டவரே மறுகையால் கையைத் தாங்கிப் பிடித்திருப்பார். அந்தப் பிடியை விடச் சொல்லாமல், வளைத்து வைத்த சிம்பை அடியில் நுழைத்துவிடுங்கள்.

5. முறிவுக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு. முறிந்த இடத்தின் மேல் கட்டக் கூடாது. துப்பட்டாவைக் கிழித்த நாடா, கர்சீப், கழுத்தில் கட்டும் டை எதுவும் சரி. சணல், நைலான் கயிறு வேண்டாம், சதையில் இறங்கும். முடிச்சின் அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

6. தூளி போடுங்கள். ஒரு மீட்டர் சதுரத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம் கிடைக்கும். பழைய வேட்டியை மடித்தாலும் ஆகும். மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று உயரமாக நிற்கட்டும், விரல்கள் வெளியே தெரியட்டும். முடிச்சு கழுத்துக்கு நேர் பின்னால் வந்தால் எலும்பில் அழுத்தும், தோள் பக்கம் தள்ளிப் போடுங்கள். முழங்கைப் பக்கத்துத் தொங்கலை ஊக்கால் குத்தினால் கை நழுவாது.

7. விரல்களை மறுபடி பாருங்கள். முன்பு சூடாக இருந்த விரல் இப்போது சில்லென்று ஆனாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ கட்டு இறுக்கம். தளர்த்துங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், ஏனென்றால் வீக்கம் ஏற ஏறத் தளர்வான கட்டும் இறுகும்.

தோள்பட்டை நழுவியிருந்தால் இழுத்துச் சேர்க்கப் பார்க்காதீர்கள். கை எந்த நிலையில் வசதியாக இருக்கிறதோ அப்படியே தலையணை கொடுத்துத் தாங்குங்கள். காறை எலும்பு (காலர் போன்) முறிந்தால் தூளி போதும். விலா எலும்புக்குத் துணி சுற்றி இறுக்குவது பழைய பழக்கம். மூச்சு முட்டும், வேண்டாம்.

குழந்தைகள் விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே வீங்கினால் மட்டும் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். அந்த இடத்தில் பெரிய ரத்தக்குழாய் எலும்பை ஒட்டி ஓடுகிறது. முழங்கையை மடக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். இருந்தபடியே தலையணையில் தாங்கி, விரல் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கிளம்புங்கள்.

காலுக்கு

ஆம்புலன்ஸ் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்றால் காலைக் கட்டாதீர்கள். இருபுறமும் சுருட்டிய போர்வை, தலையணை அணைத்து, ஒருவர் கையால் பிடித்துக்கொண்டால் போதும். அதற்கான சிம்பு அவர்களிடம் இருக்கும். உங்கள் கட்டைப் பிரித்துவிட்டு அவர்கள் மறுபடி கட்டும்போது வலி இரட்டிப்பாகும்.

நாமே கொண்டுபோக வேண்டிய நிலை என்றால் நல்ல காலையே சிம்பாக்கலாம். நல்ல காலை அடிபட்ட காலின் பக்கம் கொண்டுவாருங்கள், அடிபட்டதை இழுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே மடித்த போர்வை. கட்டுத் துணிகளை முழங்காலுக்குக் கீழும் கணுக்காலுக்குக் கீழும் இருக்கிற இயற்கையான சந்தில் நுழைத்து, மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். காலைத் தூக்க வேண்டியிராது. முதலில் பாதங்களை எட்டு வடிவத்தில், அடுத்து முழங்கால், கடைசியாக முறிவுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று. முடிச்செல்லாம் நல்ல காலின் பக்கம்.

தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போகும். இடுப்பெலும்பு என்றால் அதைவிட அதிகம். முகம் வெளுத்து, குளிர்ந்து வேர்த்து, நாடி வேகமாகத் துடித்தால் அதுதான் நடக்கிறது. படுக்க வைத்துப் போர்த்துங்கள். மயக்கத்துக்குக் காலை உயர்த்துகிற வழக்கம் இங்கே கூடாது. 108-ல் இதைச் சொல்லுங்கள்.

வீட்டுப் பெரியவர் விழுந்தால்

குளியலறையில் விழுந்த பாட்டியின் ஒரு பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தால் இடுப்பு மூட்டை ஒட்டித் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. சில சமயம் முனைகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்ளும். அப்போது கால் கோணாது, தாங்கித் தாங்கி நடக்கவும் நடப்பார். தொடைச் சந்தில் வலி என்று சொன்னாலே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

ஏன் விழுந்தார் என்பதையும் கேளுங்கள். வழுக்கியதா, தலை சுற்றியதா? வாய் கோணியிருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, நெஞ்சு வலித்ததா? சர்க்கரை இறங்கியும் பக்கவாதம் வந்தும் விழுபவர்கள் உண்டு. அப்போது எலும்பு இரண்டாம் பட்சம். எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் அழுந்திக் கிடந்த தசை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எங்கும் வலியில்லை, எழுந்திருக்கப் பார்க்கிறார் என்றால் கக்கத்தில் தூக்காதீர்கள். அவர் தோளும் போகும், உங்கள் இடுப்பும் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, நாலு காலில் வரச் செய்து, முன்னால் ஒரு நாற்காலியை வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும், சுவரோடு சேர்த்து வையுங்கள். இரு கையையும் அதில் ஊன்றி, பலமான காலை முன்வைத்து அவரே எழட்டும். நீங்கள் பின்னால் இடுப்பருகே இருந்தால் போதும்.

எண்ணெய், ஐஸ், சோடா

எண்ணெய் போட்டு உருவுவது, சுளுக்கு எடுப்பது, வெந்நீர் ஒத்தடம், மூன்றும் முதல் இரண்டு நாளைக்கு வேண்டாம். சூடு ரத்தக் கசிவைக் கூட்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு தடவைக்கு 15 நிமிடம் வைக்கலாம். தோலில் நேராகப் படக் கூடாது, திறந்த காயத்தில் வைக்கக் கூடாது.

ஆபரேஷன் தேவைப்படலாம் என்று தோன்றினால் வாய்வழி எதுவும் தராதீர்கள். வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, திட உணவு சாப்பிட்டு 6 மணி நேரம் ஆகும் வரை காத்திருக்க வைப்பார்கள். தாகம் என்றால் உதட்டை மட்டும் நனைத்துவிடுங்கள். நீங்கள் ஆசையாகக் கொடுத்த காப்பியால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

'புத்தூர் கட்டு' போர்டு சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படும். முறிவு எப்படிப்பட்டது என்று எக்ஸ்ரே பார்க்காமல், வீங்குகிற கையில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் உள்ளே ரத்தம் ஓடாமல் தசை அழுகும் ஆபத்து உண்டு. நம்பிக்கை உங்களுடையது, ஆனால் முதல் நாள் எக்ஸ்ரே எடுத்து ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு மற்றதை யோசியுங்கள்.

கொண்டுபோவது

108 தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது, காசு கிடையாது. பேசும்போது ஏரியா, தெரு, எத்தனையாவது குறுக்குத் தெரு, பக்கத்தில் கோயிலா பள்ளிக்கூடமா, எந்த மாடி, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அபார்ட்மென்ட் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒருவரைத் தெருமுனையில் நிறுத்துங்கள். ஒரே பெயரில் மூன்று தெரு இருக்கும் ஏரியாக்களில் அந்த ஆள்தான் ஆம்புலன்ஸுக்கு வழி.

கை முறிவு, நினைவு தெளிவு, கழுத்து வலி இல்லை என்றால் காரிலோ ஆட்டோவிலோ உட்கார்ந்தே போகலாம். மடியில் தலையணை வைத்துக் கையை அதன் மேல் தாங்குங்கள், வேகத்தடையில் நிதானமாகப் போகச் சொல்லுங்கள். கால், இடுப்பு, முதுகு என்றால் ஆட்டோ கூடவே கூடாது.

சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை அரசு மருத்துவமனைகளில் 24 மணி நேரமும் அவசர சிகிச்சை உண்டு. கை நசுங்கல், விரல் துண்டிப்பு என்றால் கை அறுவைச் சிகிச்சைக்கு நெடுநாளாகப் பேர் போன இடம் ஸ்டான்லி. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் பணம் கட்ட வேண்டாம். வீட்டில் விழுந்ததற்கு இது பொருந்தாது. விபத்தில் உதவப் போனவரைக் கட்டாயப்படுத்தித் தன் விவரம் சொல்ல வைக்கவோ சாட்சியாக இழுக்கவோ முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு அதற்காகவே இருக்கிறது. போலீஸ் வந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல மருத்துவமனைக்கும் உரிமையில்லை.

போகும்போது எத்தனை மணிக்கு, எப்படி, எந்த உயரத்திலிருந்து விழுந்தார், கடைசியாக எப்போது சாப்பிட்டார், என்ன மாத்திரைகள், எது ஒத்துக்கொள்ளாது என்பதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள். மாத்திரைப் பட்டைகளையே அள்ளிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. தோல் கிழிந்திருந்தால் டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி கேளுங்கள். இன்சூரன்ஸோ வழக்கோ வரலாம் என்றால் ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்கி வையுங்கள், பின்னாளில் அதற்கு அலைய வேண்டியிருக்கும்.

மாவுக்கட்டு போட்டு வந்த பிறகு

முதல் இரண்டு நாள் கட்டுப் போட்ட கையையோ காலையோ நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் வையுங்கள். மாவுக்கட்டு முழுதாகக் காய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், புழுங்குகிற நாளில் இன்னும் தாமதமாகும். அதுவரை கட்டில் ஓரத்திலோ நாற்காலிக் கையிலோ அழுத்தி வைத்தால் அந்த இடம் பள்ளமாகி உள்ளே சதையைக் குத்தும்.

மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போகிறது, விரலை மெல்ல நீட்டிவிட்டால் கத்துகிறார், விரல் மரத்தோ வெளுத்தோ போகிறது என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் கட்டுப் போட்ட இடத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்க் கட்டைப் பிளக்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும், பிறகு எலும்பு கூடியும் கை உதவாது.

அரிப்பு கட்டாயம் வரும், சித்திரையில் சொல்லவே வேண்டாம். துடைப்பத்து ஈர்க்குச்சியை விட்டுச் சொறியாதீர்கள். உள்ளே கீறினால் கட்டுக்குள் சீழ் வைக்கும். பவுடர் கொட்டினால் வேர்வையில் கட்டி தட்டும். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் கட்டின் வாய்ப்பக்கமாக ஊதுங்கள், அல்லது மேலே விரலால் தட்டுங்கள். கட்டிலிருந்து நாற்றமோ கசிவோ வந்தால் தேதி பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.